மணிக்கு முந்தி: தோட்டத்து மார்கழி



மார்கழியின் மெய்ப்பொருளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பாசுரங்களுக்கு உரை சொல்ல நான் வரவில்லை. அதற்கு வாழையடி வாழையாக உரையாசிரியர்கள் இருக்கிறார்கள். நம் மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் மார்கழி என்னவாக இருந்தது, நம்மவர்கள் அந்த மாதத்தை எதற்காக விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கோடியில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓரமாக, ஒரு தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முழ நீளம் இருக்கும். அடிபட்டு அடிபட்டு அதன் ஒரு பக்கம் மட்டும் துரு இல்லாமல் வெள்ளியைப் போல மின்னும். விடிய வெகுநேரம் இருக்கும்போதே காவல்காரர் வந்து இரும்புக் கம்பியால் அதை அடிப்பார். அதுதான் எங்களுக்குக் கோழி, அதுதான் கடிகாரம். அந்தச் சத்தம் கேட்டு லயம் முழுவதும் விளக்கு எரியும், அடுப்பு புகையும், கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகைக்குத் தூக்கிப்போவார்கள், பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடுவார்.

என் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர், முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சத்தத்துக்கு எழுந்தவர். மார்கழி பிறந்துவிட்டால் மட்டும், மணி அடிக்கும்போது அவர் குளித்து முடித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாசலில் கோலத்தின் கடைசி இழையை இழுத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. சாணி உருண்டை தயாராக இருக்கும். லயத்துக்குப் பின்னால் வேலியில் படரவிட்ட பூசணியிலிருந்து முந்தின நாள் சாயங்காலமே பார்த்துவைத்த பூ, இன்னும் முழுதாக விரியாமல், ஒரு தட்டில் இருக்கும். அன்றைக்கும் அவர் மற்ற நாள் போலவே நானூறு ஐநூறு மரம் வெட்டியாக வேண்டும். எதற்காக இன்னும் ஒரு மணி நேரத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

"வருஷம் பூரா மணி அடிச்சுத்தான் எந்திரிக்கிறோம். இந்த ஒரு மாசமாவது மணிக்கு முந்தி எந்திரிக்கணும்யா" என்றார்.

இன்றைக்கு நான் பேசப்போவதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு உரைதான்.

பால்மரத்தை இருட்டில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏற ஏற மரத்தின் இலைகள் நீரை ஆவியாக விடும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களின் அழுத்தம் தளரும். பால் சீக்கிரம் நின்றுபோகும். குளிர்ந்த பின்னிரவில் அழுத்தம் முழுதாக இருக்கும். கத்தி பட்ட இடத்தில் முதலில் முத்து முத்தாகப் பால் துளிர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கோட்டு வழியே இறங்கி மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டும். நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். அடியில் மங்கு, மேலே சாய்ந்து ஓடும் ஒரு வெள்ளைக் கோடு, சுற்றிலும் கரிய இருட்டு.

ஆக, வைகறை என்பது மரத்தின் நேரம். மரம் கம்பெனிக்குச் சொந்தம். எனவே வைகறையும் கம்பெனிக்குச் சொந்தம். பிரம்ம முகூர்த்தம் என்று நம் முன்னோர் எந்த நாழிகையைப் போற்றினார்களோ, அதே நாழிகையைத்தான் தோட்டம் விலைக்கு வாங்கியிருந்தது. இதை நினைத்துப் பார்த்தால்தான் அப்பாயியின் 'மணிக்கு முந்தி' எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

இந்த இடத்தில் உங்களை வேறொரு மக்களிடம் அழைத்துப்போகிறேன். அரசியல் பேசவில்லை, ஒரு பழைய நாட்காட்டியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பினாங்கில் ஜாலான் ஜைனல் அபிடின் என்ற தெருவில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அந்தத் தெருவின் பழைய பெயர் ஜாலான் யஹூடி. 1805இல் தொடங்கிய யூதர் கல்லறைத் தோட்டம் அது. கற்களில் எபிரேய எழுத்துகள் இன்னும் தெரிகின்றன. யூதர்கள் நமக்குப் புதியவர்களும் அல்லர். கொச்சி யூதர்களின் முன்னோருக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது.

எகிப்தில் அடிமைகளாக இருந்த அந்த மக்களுக்குக் கடவுள் இட்ட முதல் கட்டளை, இந்த மாதம் உங்களுக்கு மாதங்களின் தொடக்கமாக இருக்கட்டும் என்பது. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் வருகிறது. எகிப்தைவிட்டு அவர்கள் இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் நாட்காட்டி வந்துவிடுகிறது. எதற்கு இவ்வளவு அவசரம்? 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த ஒபாதியா ஸ்ஃபோர்னோ என்ற யூத உரையாசிரியர் ஒரு விளக்கம் சொன்னார்: அடிமையாக இருந்தவரை உங்கள் நாள்கள் உங்களுடையவை அல்ல, எசமானின் வேலைக்கானவை, இனி மாதங்கள் உங்களுடையவை. இதைப் படித்த அன்று எனக்கு அப்பாயியின் ஈரத்தலைத் துண்டு ஞாபகம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பால்வெட்டுக்காரம்மா சொன்னதும் அந்த அறிஞர் சொன்னதும் ஒன்றே என்பதுதான் என் துணிபு.

அவர்களுடைய மாதங்களில் மார்கழியை ஒட்டி வருவது தேபேத். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். எஸ்தர் அகாஸ்வேரு ராஜாவின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டது தேபேத் மாதத்தில். அவர்களுடைய முதல் மாதமான நிசானிலிருந்து எண்ணினால் பத்தாவது மாதம். பெயர் எபிரேயப் பெயரே அல்ல. சிறைபட்டுப் போன பாபிலோனிலிருந்து அவர்கள் திரும்பும்போது கூடவே கொண்டுவந்தது. அமிழ்தல், சேற்றில் புதைதல் என்ற பொருளுள்ள வேரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்த ஊர்களில் அது மழையும் குளிரும் சேறுமான காலம். இங்கேயும் அப்படித்தானே? தமிழ்நாட்டில் மார்கழி என்றால் பனி. இங்கே மார்கழி என்றால் மழை, வழுக்கும் ரப்பர்க் காட்டுப் பாதை, அட்டை, கெந்திங் மலைப்பக்கமிருந்து இறங்கும் ஈரக்காற்று. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டைவிட்டு மரமெங்கும் பரவித் தரையில் கொட்டும், மங்கில் விழாது. மழைநாளில் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. கை வறண்ட மாதம் அது. அந்த மாதத்தைத்தான் தெய்வத்துக்கு ஒதுக்கிவைத்தார்கள்.

தேபேத் எப்போதும் 29 நாள். நம் மார்கழியும் 29 அல்லது 30 நாள்தான். அதற்கு வானத்தில் காரணம் இருக்கிறது. சனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. அருகில் வரும்போது அதன் ஓட்டம் விரைகிறது. தனுசு ராசியைச் சூரியன் கடந்து முடிக்க 29 நாளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. வருஷத்திலேயே சீக்கிரம் முடியும் மாதங்களில் ஒன்று. ஒரு நாளைக்கூட நழுவவிடக் கூடாது என்று பெரியவர்கள் பதறியதில் நியாயம் உண்டு.

இந்த மாதத்தைப் பீடை மாதம் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்திவிட்டோம். பீடுடை மாதம் என்பதுதான் பேச்சில் தேய்ந்து பீடை ஆனது என்று தமிழாசிரியர்கள் விளக்கம் சொல்வார்கள். நல்ல காரியம் செய்யாத மாதம் என்று ஒதுக்கியது, வேறு எந்த வேலையும் குறுக்கே வராமல் காலியாக வைப்பதற்குத்தான். தை முதல் ஆனி வரை தேவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு. அந்தக் கணக்கில் மார்கழி அவர்களுடைய வைகறை. கீதையின் 10ஆம் அத்தியாயத்தில் மாதங்களுள் தான் மார்கழி என்று கண்ணன் சொல்கிறான். திருப்பாவையிலும் திருவெம்பாவையிலும் திரும்பத் திரும்ப வருவது என்ன? உறங்குகிறவளை எழுப்புகிற கதை. வாசல் வாசலாகப் போய்க் கூப்பிடுகிறார்கள். யூதர்களிடமும் இந்த மாதத்தில் கண்ணுக்கு ஓர் இடம் உண்டு. எபிரேய மறைநூலான செபேர் எட்சீராவின் மரபில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. தேபேத்துக்கு உரிய எழுத்து 'அயின்'. அந்தச் சொல்லுக்குக் கண் என்று பொருள். வருஷத்தின் இருண்ட பகுதியில் கண்ணைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

திருவெம்பாவை கடல் கடந்து போன தூரத்தையும் சொல்ல வேண்டும். பாங்காக்கில் வாட் சுதாட் கோயிலுக்கு முன்னால் செந்நிறத்தில் ஒரு பெரிய ஊஞ்சல் நிற்கிறது. 1784இல் முதன்முதலாக நாட்டியது. தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நம் மார்கழி, தையை ஒட்டி நடத்திய விழாவில் அந்த ஊஞ்சலாட்டம் இருந்தது. 1935இல் ஊஞ்சலாட்டத்தை நிறுத்திவிட்டார்கள். விழாவின் பெயர் மட்டும் திரியம்பவாய், திரிபவாய் என்று நிற்கிறது. திருவெம்பாவையும் திருப்பாவையும் நாவில் உருண்டு இப்படி ஆகியிருக்கின்றன. அரசவை ஏறிய மார்கழி அது. நம்முடையது, கங்காணிகள் கூட்டிவந்த சனங்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நாலு மணிக்கே புனல் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். எம்.எல். வசந்தகுமாரியின் குரல் லயத்தைத் தாண்டி, ரப்பர் காட்டுக்குள் போய், எங்கோ மோதித் திரும்பி வரும். பஜனைக் கோஷ்டியில் முன்னால் நடப்பவர் கையில் லாந்தர். ஆர்மோனியப் பெட்டியைக் கழுத்தில் மாட்டியவர் பகலில் ஸ்டோரில் பால் நிறுப்பவர். மிருதங்கம் வாசித்தவருக்கு ஒரு விரல் பாதிதான். எங்களுக்கு, சிறுவர்களுக்கு, கவனமெல்லாம் வெண்பொங்கலில். வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுப்பார்கள். கை சுடும். ஒரு மிளகைக் கடித்துவிட்டு வாயைத் திறந்தால் குளிர்காற்றில் ஆவி போகும். அதற்குள் தண்டவாளம் ஒலிக்கும். அந்த ஒலி அன்றைக்கு எங்களை எழுப்பவில்லை. நாங்கள் ஏற்கெனவே எழுந்து, பாடி, சாப்பிட்டு, நெற்றியில் திருநீறோடு நின்றிருந்தோம். பெரட்டுக் களத்தில் வந்து நின்றவர்களின் முகம் அந்த மாதம் வேறு மாதிரி இருக்கும். நான் பார்த்தது அது.

1981 டிசம்பர் 31 இரவு நடந்த ஒன்றை இங்கே இருப்பவர்களில் பலர் மறந்திருப்பீர்கள். இரவு 11.30க்குக் கடிகாரத்தை 12.00 என்று மாற்றிக்கொள்ளச் சொன்னது அரசாங்கம். தீபகற்பத்தின் நேரத்தைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். நடு மார்கழி. மறுநாளிலிருந்து தீபகற்பம் முழுவதும் கடிகாரப்படி சூரியன் அரை மணி தாமதமாக உதித்தது. கோயிலில் பெரியவர்களுக்குள் பெரிய வாக்குவாதம்: நாலரை மணிப் பூசையை இனி ஐந்து மணிக்கு வைப்பதா, நாலரைக்கே வைப்பதா? ஒருவர் பஞ்சாங்கத்தை விரித்தார். இன்னொருவர் வானொலியைக் காட்டினார். அப்பாயி இரண்டையும் பார்க்கவில்லை. வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டுக் கோலப்பொடி டப்பாவை எடுத்தார். கடிகாரம் அரசாங்கத்துடையது, மணி கம்பெனியுடையது. மாதத்தை மட்டும் அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

மார்கழியை ஒளியாகவே பேசிக்கொண்டு போனால் இந்த ஊரில் நான் பொய் சொன்னவன் ஆவேன். பத்தாங் காலி என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது ஒரு டிசம்பர் மாதத்தால். 1948 டிசம்பர் 12. மார்கழி பிறக்க மூன்று நான்கு நாள் இருந்தது. சுங்கை ரெமோக் தோட்டத்தில் வாழ்ந்த சீனர்கள் 24 பேரை, கையில் ஆயுதம் இல்லாதவர்களை, பிரிட்டனின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக்கொன்றார்கள். குடியிருப்பைக் கொளுத்தினார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விசாரணை கேட்டுப் போராடி, 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அங்கும் அவர்கள் கேட்ட விசாரணை கிடைக்கவில்லை. அவர்கள் நம் அண்டை வீட்டார். நம்மவர் வெட்டிய அதே மரத்தை, அதே வைகறையில் வெட்டியவர்கள்.

அப்போது பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்திருந்த அவசரகாலத்தில் முள்வேலி வந்தது. சீனர்களைப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களையும் பல இடங்களில் ஒன்றாகக் குவித்து வேலி போட்டார்கள். இருட்டினால் ஊரடங்கு. விடியும்வரை வாசற்படி தாண்ட முடியாத இடத்தில் பஜனை எப்படித் தெருச் சுற்றும்? அந்த வருஷங்களில் வீட்டுக்குள்ளேயே, சத்தம் வெளியே போகாமல் பாடினோம் என்று அப்பாயி சொல்லியிருக்கிறார்.

தேபேத் 10ஆம் நாள் யூதர்கள் விடியலிலிருந்து இருட்டும்வரை நோன்பு இருக்கிறார்கள். எருசலேமின் மதில் உடைந்ததற்கு ஒரு நோன்பு தனியாக இருக்கிறது, ஆலயம் எரிந்ததற்கு ஒன்று இருக்கிறது. தேபேத் பத்தில் ஒன்றும் இடியவில்லை, ஒன்றும் எரியவில்லை. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை வந்து ஊரைச் சுற்றி நின்ற நாள் அது, அவ்வளவே. வேலி போட்ட நாளுக்கே நோன்பு வைத்திருக்கிறார்களே என்று நான் வியந்திருக்கிறேன். வேலிக்குள் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அது எளிதில் புரியும்.

அந்த நாளுக்கு இன்னொரு கடமையும் பின்னால் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் வதைமுகாம்களில் மாண்டு, செத்த தேதி தெரியாமல் போனவர்களுக்காக இஸ்ரேலின் தலைமை ரப்பிகள் தேபேத் பத்தைக் குறித்தார்கள். தேதி இல்லாதவர்களுக்குக் கத்தீஷ் என்னும் பிரார்த்தனை சொல்லும் நாள் அது.

தேதி தெரியாத சாவு என்றால் நம் தோட்டங்களில் எல்லாருக்கும் ஒரே நினைவுதான் வரும். சயாம். 1942, 43இல் ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட நம் சனங்களைப் பிடித்துப்போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. அந்தப் பாதையோரக் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளாக இறந்த வெள்ளைக்காரர்களுக்கு வரிசை வரிசையாகக் கல் இருக்கிறது, பேர் இருக்கிறது, தேதி இருக்கிறது. நம்மவர்கள் காட்டோரக் குழிகளில் கிடக்கிறார்கள். அந்தக் கதையை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலாக எழுதினார். தோட்டத்து வீடுகளில் அது எழுதப்படாமலே இருந்தது.

அப்பாயியின் அண்ணன் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் மார்கழி அமாவாசைக்கு ஓர் இலை கூடுதலாக விழும். சோறு, காய்கறி, வெற்றிலை, கூடவே ஒரு சுருட்டு. அவருக்குச் சுருட்டுப் பிடிக்கும். ஏன் மார்கழியில் என்று நான் வெகுநாள் யோசித்ததே இல்லை. பிறகு படித்தேன்: வெளியூர் போனவர் இறந்த நாளும் மாதமும் தெரியாவிட்டால், மார்க்கசீரிஷ அமாவாசையிலோ மாக அமாவாசையிலோ அவருக்குத் திதி கொடுக்கலாம் என்பது தர்ம சாத்திரங்களில் உள்ள விதி. கோயில் பண்டாரம் யாரோ அப்பாயிக்குச் சொல்லியிருக்க வேண்டும். எபிரேயரும் நாமும் ஒருவரை ஒருவர் கேட்காமலே, தேதி இல்லாத உயிர்களைக் குளிர்கால மாதத்தில் கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறோம். இருட்டு நீண்ட காலத்தில்தான் அவர்களைத் தேட முடியும் போலிருக்கிறது.

2022 டிசம்பர் 16ஐ நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். விடிந்தால் மார்கழி முதல் நாள். பின்னிரவு இரண்டே முக்கால் மணி வாக்கில், பத்தாங் காலியிலிருந்து கெந்திங் போகும் மலைப்பாதையை ஒட்டிய முகாமில் மண் சரிந்தது. பள்ளி விடுமுறைக்குக் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த குடும்பங்கள். 31 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். மண்ணைத் தோண்டி அவர்களைத் தேடிய நாள்களில், இந்தப் பக்கத்து வீடுகளில் கோலம் போட்ட பெண்களுக்குக் கை ஓடியிருக்காது. சேற்றில் அமிழும் மாதம் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு பெயர் வைத்தார்களே, அது அன்றைக்கு நம் ஊரில் நடந்தது. இனி ஒவ்வொரு மார்கழி முதல் நாளும், திருப்பள்ளியெழுச்சிக்கு முன் ஒரு நிமிஷம் அந்த 31 பேருக்காகவும் சுங்கை ரெமோக்கின் 24 பேருக்காகவும் இங்குள்ள கோயில்களில் விளக்கேற்ற வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் என்ன சமயம், என்ன இனம் என்று மார்கழி கேட்காது.

பால்மரம் போய்விட்டது. செம்பனை வந்தது, பல இடங்களில் அதுவும் போய்த் தாமான் குடியிருப்பு வந்தது. பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்று தோட்டப் பெயர்களை ஒரு காலத்தில் வரிசையாகச் சொன்னோம். எங்கள் தண்டவாளத் துண்டை யார் எடுத்துப்போனார்களோ. பழைய இரும்புக்குப் போயிருக்கும். மணி இல்லாவிட்டாலும் மணிக்கு எழுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிகாலையில் இந்தச் சாலையில் நின்று பாருங்கள்: தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள், இரவுக் காவல் முடிந்து வரும் அண்ணன்மார்கள், கோலாலம்பூருக்கு முதல் கொமுட்டர் ரயில் பிடிக்க ஓடும் பிள்ளைகள்.

போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை, உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன், புக்கிட் செந்தோசாவில். தூக்கம் பிடிக்காமல் வெளியே வந்தேன். எதிர் வரிசையில், தொழிற்சாலைச் சீருடை போட்ட ஒரு பெண், கைப்பேசியின் டார்ச்சைச் செருப்பு அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டு, சிமெண்டு வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி. பூசணிப்பூ இல்லை, தொட்டியில் பூத்த நித்தியகல்யாணியில் இரண்டைப் பறித்து நடுவில் வைத்தார். சாலைக்கு வந்து கொஞ்சம் பேச்சுக்கொடுத்தேன். எத்தனை மணிக்கு எழுவாய் அம்மா என்றேன்.

"பஸ்ஸு அஞ்சே முக்காலுக்கு வந்துரும் ஐயா. அதுக்கு முந்தி முடிச்சிரணும்."

திருப்பத்தில் பேருந்தின் விளக்கு தெரிந்தது. அவர் விரல் மாவைச் சீருடையின் உள்மடிப்பில் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினார். கதவருகே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பையனிடம், "பூன மிதிக்காம பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டு ஓடினார். பையன் படியில் உட்கார்ந்து, கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.